மூட்டையும் டம்பெலும்

50 கிலோ யூரியா மூட்டையை நிலத்திலிருந்து எடுத்துத் தோளில் வைக்கச் சில விநாடிகள் போதும். அதற்குள் கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என ஆறு வகை மூட்டுகள் அசைந்துவிடுகின்றன. முள்ளந்தண்டு வளையாமல் நிற்க முதுகின் நெடுந்தசைகளும் வயிற்றுத் தசைகளும் இறுகுகின்றன. விரல்களை மடக்கிச் சாக்கின் முனையைப் பிடிக்க முன்கைத் தசைகள் முழு மூச்சாக உழைக்கின்றன. பாலியாற்றை மறித்த வவுனிக்குளத்தின் நீரில் நெல் விளைவிக்கும் மல்லாவியில் இதை எவரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. அங்கே அது வேலை. ஜிம்மில் ஏறத்தாழ இதே அசைவுக்கு டெட்லிஃப்ட், கிளீன் என்று பெயர்.

ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் சேர்ந்து அசைய, பல தசைகள் ஒரே சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும் பயிற்சி கூட்டுப்பயிற்சி எனப்படும். பஸ்கி என்று நாட்டில் பழகிய ஸ்குவாட், தண்டால், பெஞ்ச் பிரஸ், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப், குனிந்து நின்று பாரத்தை வயிற்றை நோக்கி இழுக்கும் ரோ ஆகியவை இந்த வகை. ஒரே மூட்டை மட்டும் அசைத்து, ஒரு தசையின் மேல் அல்லது ஒரு தசைத் தொகுதியின் மேல் சுமையை ஏற்றுவது தனிப்பயிற்சி. முழங்கையை மட்டும் மடக்கும் பைசெப்ஸ் கர்ல், முழங்காலை மட்டும் மடக்கும் லெக் கர்ல், அதை மட்டும் நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன், கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் லாட்டரல் ரைஸ், குதிகாலை உயர்த்தும் காஃப் ரைஸ் ஆகியவை இதில் அடங்கும். இந்தப் பிரிப்பு முற்றிலும் துல்லியமானதல்ல. கர்ல் செய்யும்போதும் தோள் அசையாமல் நிற்க வேறு தசைகள் இறுகத்தான் வேண்டும். ஆனால் அசைவது எந்த மூட்டு, களைத்து நிற்பது எந்தத் தசை என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகிவிடும்.

உடலை வளர்க்க விரும்புவோர் இந்த இரண்டில் எது சிறந்தது என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். கேள்வியே பிழையானது. கூட்டுப்பயிற்சியில் சுமை பங்கிடப்படுகிறது, ஆனால் பங்கு சமமாகப் போவதில்லை. எந்தத் தசைக்குப் போதிய பங்கு கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை தசை எலும்பில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது.

தசை பெருப்பது எதனால்

தசை பெருக்க முதற்காரணம் இழுவிசை. சுமையை எதிர்த்துச் சுருங்கும்போது தசை நாருக்குள் உண்டாகும் விசையைக் கலம் உணர்ந்து, புதிய புரதத்தைக் கட்டும் வேலையைத் தொடங்குகிறது. எல்லா நார்களும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. ஒரு நரம்புக் கலமும் அது இயக்கும் நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. இலேசான வேலைக்குச் சிறிய அலகுகள் வருகின்றன. சுமை கூடும்போது, அல்லது அதே சுமையில் களைப்பு ஏறும்போது, பெரிய அலகுகளும் சேர்கின்றன. அமெரிக்க நரம்பியலாளர் எல்வுட் ஹென்மன் 1957இல் முன்வைத்து 1960களில் விரித்த இந்த விதி இன்றும் நிற்கிறது. வளர்ச்சிக்கு மிகவும் இடமுள்ள நார்கள் பெரும்பாலும் கடைசியாக வரும் பெரிய அலகுகளில்தான் இருக்கின்றன. ஒரு செட்டில் கடைசி நான்கைந்து தடவைகள் கனமாகத் தோன்றும் நேரமே அவை உழைக்கும் நேரம்.

இதனால் பாரம் எவ்வளவு என்பது பலர் நினைக்கும் அளவுக்கு முக்கியமல்ல. ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் 30 சதவீதத்தை எடுத்து, இனி முடியாது என்னும் எல்லைக்கு அருகே வரை செய்தாலும், கனமான பாரத்துக்கு இணையான தசை வளர்ச்சி கிடைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உச்ச பலம் கூடுவதற்கு மட்டும் கனமான பாரம் தேவை. இரும்புத் தட்டுகள் நிறைந்த ஜிம் பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு இது நல்ல செய்தி.

புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில கிழமைகளில் பலம் வேகமாக ஏறும், கை கால் பெருத்ததாகத் தெரியாது. நரம்பு மண்டலம் அலகுகளை ஒழுங்காக அழைக்கக் கற்றுக்கொள்வதே அந்த ஆரம்பப் பலம் என்று மொரிட்டானியும் டிவ்ரீஸும் 1979இல் காட்டினார்கள். தசை தடிப்பது அதற்குப் பிறகு மெல்ல நடக்கிறது. அந்த வளர்ச்சி ஒரு கிழமையில் ஒரு தசைக்கு எத்தனை கடின செட்டுகள் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தது. 2017இல் வெளியான, 15 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வில் கிழமைக்கு ஐந்து செட்டுக்குக் குறைவாகச் செய்தவர்களிடம் சராசரி 5.4 சதவீத வளர்ச்சியும், பத்தும் அதற்கு மேலும் செய்தவர்களிடம் 9.8 சதவீத வளர்ச்சியும் காணப்பட்டன.

வயல் ஏன் உடலைப் பெருக்கவில்லை

அப்படியானால் வரம்பு கட்டி, அலவாங்கால் குழி தோண்டி, காலபோக அறுவடைக்குப் பின் நெல் மூட்டை ஏற்றும் ஒருவர் ஏன் மேடையேறும் ஆணழகனைப் போல இருப்பதில்லை? அவருடைய நாள் முழுவதும் கூட்டுப்பயிற்சிதானே?

முதற்காரணம் மூட்டையின் எடை மாறுவதில்லை. பதினெட்டு வயதில் தூக்கிய 50 கிலோவே ஐம்பது வயதிலும் 50 கிலோ. அந்தச் சுமைக்குத் தேவையான தசை முதல் ஓரிரு போகங்களிலேயே உருவாகிவிடுகிறது. அதற்கு மேல் கட்டிவைக்க உடலுக்கு எந்தக் காரணமும் இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. அனுபவமுள்ள தொழிலாளி எந்த ஒரு தசையும் களைத்துவிடாதபடி வேலை செய்யப் பழகியவர். மூட்டையை முதலில் தொடையில் ஏற்றி, முழங்காலால் ஓர் உந்து உந்தி, அந்த வேகம் அடங்குமுன் தோளைக் கீழே கொடுப்பார். மண்வெட்டியை ஓங்கும்போது அதன் பாரத்தையே விழவிட்டு வெட்டுவார். மாலை வரை தாக்குப்பிடிக்க வேண்டியவருக்கு இதுவே சரியான வழி. தசை வளர்க்க வருபவருக்கு இதற்கு நேர் எதிரானது தேவை: உந்து இல்லாமல், மெதுவாக, குறித்த தசை தளரும் வரை. ஒரே அசைவை வைத்துக்கொண்டு ஒருவர் உழைப்பைச் சேமிக்கிறார், மற்றவர் வேண்டுமென்றே செலவழிக்கிறார்.

மூன்றாவது காரணம் தட்டில் இருக்கிறது. அதைப் பின்னர் பார்க்கலாம். இவை தவிர, லான்ட்மாஸ்டரும் அறுவடை மெசினும் வந்த பிறகு உழுவதும் அரிவி வெட்டுவதும் சூடு மிதிப்பதும் பெரும்பாலும் மனித உடலிலிருந்து கழன்றுவிட்டன. எஞ்சியிருப்பது ஏற்றி இறக்கும் வேலை. அது சில நாட்களுக்குக் கடுமையாக வந்து பின் பல மாதங்களுக்கு இல்லாமல் போகிறது.

தூக்கும் வேலையில் இறக்கும் கட்டமும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் 149 கிலோவும் கிளீன் அண்ட் ஜேர்க்கில் 179 கிலோவும் தூக்கித் தங்கம் வென்றார். தன் எடையின் இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் அது. பளுதூக்கும் வீரர் தலைக்கு மேல் ஏற்றிய பாரைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடுகிறார். இரண்டிலும் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் கட்டம் குறைவு. வளர்ச்சியைத் தூண்டுவதில் அந்தக் கட்டத்துக்கும் பங்குண்டு. மிகச் சிறந்த கூட்டு அசைவுகளாக இருந்தும், தசைப் பெருக்கத்துக்காகவே செய்பவர்கள் ஸ்குவாட், ரோ போன்ற, மெதுவாக இறக்கக்கூடியவற்றையே அடிப்படையாக எடுப்பதற்கு இது ஒரு காரணம்.

பங்கு கிடைக்காத தசைகள்

ஸ்குவாட்டைப் பயிற்சிகளின் அரசன் என்பார்கள். தொடை முழுவதையும் அது வளர்க்கும் என்பது ஜிம்களில் பொதுவான நம்பிக்கை. உண்மை அதில் பாதிதான்.

தொடையின் முன்புறத்தில் நான்கு தலைகள் கொண்ட தசை இருக்கிறது. அவற்றில் மூன்று தொடை எலும்பிலிருந்து தொடங்கி முழங்காலைக் கடந்து முடிகின்றன. நான்காவதான நேர்த்தொடைத்தசை மட்டும் இடுப்பெலும்பிலிருந்து தொடங்குகிறது. அது முழங்காலை நீட்டும், இடுப்பை மடக்கவும் செய்யும். பின்புறத்திலோ நிலைமை தலைகீழ்: தொடைப் பின்தசைகளில் பெரும்பாலானவை இடுப்பை நீட்டுகின்றன, முழங்காலை மடக்குகின்றன. குந்தியிருந்து எழும்போது இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் நீள வேண்டும். நேர்த்தொடைத்தசை முழங்காலுக்கு உதவினால் இடுப்புக்குத் தடை. பின்தசை இடுப்புக்கு உதவினால் முழங்காலுக்குத் தடை. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்தும் மனிதன் எப்படி எழுந்து நிற்கிறான் என்ற புதிரை வாரன் லொம்பார்ட் 1903இல் எழுப்பினார். அவர் பெயரிலேயே அது இன்றும் லொம்பார்ட் முரண் எனப்படுகிறது. இரண்டு மூட்டுகளைக் கடக்கும் தசை ஒரு முனையில் சுருங்கும்போது மறுமுனையில் நீள்வதால், மொத்தத்தில் அதன் நீளம் அதிகம் மாறுவதில்லை. எழும் வேலையின் பெரும் பங்கை ஒற்றை மூட்டுத் தசைகளே எடுத்துக்கொள்கின்றன.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. ஜப்பானில் குபோவும் குழுவினரும் 17 ஆண்களைப் பத்துக் கிழமைகள் ஸ்குவாட் செய்யவைத்து, தசைகளின் கன அளவை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரு குழு முழுதாகக் குந்தியது, மற்றக் குழு பாதிவரை. முழுதாகக் குந்தியவர்களின் பிட்டத்தசை 6.7 சதவீதமும் உள்தொடைத் தசைகள் 6.2 சதவீதமும் வளர்ந்தன. பாதி குந்தியவர்களுக்கு இவை முறையே 2.2, 2.7 சதவீதம் மட்டுமே. முழங்காலை நீட்டும் தசைகள் இரு குழுவிலும் ஏறத்தாழ ஐந்து சதவீதம் வளர்ந்தன. ஆனால் நேர்த்தொடைத்தசையும் தொடைப் பின்தசைகளும் இரண்டு குழுவிலும் குறிப்பிடத்தக்க அளவு வளரவே இல்லை. பத்துக் கிழமை ஸ்குவாட்டுக்குப் பிறகு தொடையின் பின்பக்கம் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

டெட்லிஃப்ட்டும், மூட்டை எடுக்கக் குனிவதும் பின்தசைகளை இடுப்புப் பக்கத்திலிருந்து உழைக்கவைக்கும். முழங்காலை மடக்கும் வேலை அவற்றில் இல்லை. பின்தசையின் குறுந்தலை இடுப்பைக் கடப்பதே இல்லையாதலால் அதற்கு டெட்லிஃப்ட்டால் பயன் மிகக் குறைவு. லெக் கர்ல் இங்கேதான் தன் இடத்தைப் பிடிக்கிறது. அதிலும் எப்படிச் செய்வது என்பது முக்கியம். மயேயோவும் குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இருபது பேரின் ஒரு கால் இருந்தபடியும் மறுகால் குப்புறப் படுத்தபடியும் பன்னிரண்டு கிழமைகள் லெக் கர்ல் செய்தன. இருந்து செய்த காலில் பின்தசைகள் 14 சதவீதமும், படுத்துச் செய்த காலில் 9 சதவீதமும் வளர்ந்தன. இருக்கும்போது இடுப்பு மடங்கியிருப்பதால் தசை நீட்டப்பட்ட நிலையில் உழைக்கிறது. அதுவே வேறுபாட்டுக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

மேற்கையின் பின்பக்கத்திலும் இதே கதை. முழங்கையை நீட்டும் முத்தலைத் தசையின் நெடுந்தலை தோள்பட்டை எலும்பிலிருந்து தொடங்குகிறது. தண்டாலிலும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் மற்ற இரு தலைகளுக்கும் நல்ல வேலை கிடைக்க, நெடுந்தலைக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, முழங்கையை மட்டும் மடக்கி நீட்டும் பயிற்சியில் நெடுந்தலை 28.5 சதவீதம் வளர்ந்ததாகவும், கையை உடலோடு வைத்துச் செய்தபோது 19.6 சதவீதம் வளர்ந்ததாகவும் மயேயோ குழுவின் இன்னோர் ஆய்வு சொல்கிறது.

தோளின் பக்கத் தலைக்கும் கெண்டைக்காலுக்கும் நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. தள்ளும் பயிற்சிகள் தோளின் முன்பக்கத்தையும், இழுக்கும் பயிற்சிகள் பின்பக்கத்தையும் எடுத்துக்கொள்ள, பக்கத் தலை அரைவயிற்றோடு நிற்கிறது. ஸ்குவாட்டில் கணுக்கால் சிறிதே அசைவதால் கெண்டைக்கால் பெரும்பாலும் பார்வையாளர்தான்.

கையை மடக்கும் இருதலைத் தசை மட்டும் வழக்கில் இழுபறியாக நிற்கிறது. பிரேசிலில் ஜென்டில் குழு 29 பயிற்சியற்ற இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்-டவுனும் மற்றதற்கு கர்லும் கொடுத்தது. பத்துக் கிழமைகளுக்குப் பின் முழங்கை மடக்கும் தசைகளின் தடிப்பு முறையே 6.1, 5.8 சதவீதம் கூடியிருந்தது. அதாவது வேறுபாடே இல்லை. ஆனால் 2021இல் வெளியான மன்னரினோவின் ஆய்வில் பத்துப் பேரின் ஒரு கை ரோவும் மறுகை கர்லும் எட்டுக் கிழமைகள் செய்தன. கர்ல் செய்த கை ஏறத்தாழ 11 சதவீதமும் ரோ செய்த கை 5 சதவீதமும் வளர்ந்தன. இரண்டும் சிறிய ஆய்வுகள், ஒப்பிட்ட இழுவைகளும் வேறு. முதுகின் அகன்ற தசையோடு சுமையைப் பகிரும்போது கைக்குக் கிடைக்கும் பங்கு பயிற்சிக்குப் பயிற்சி மாறும் என்பது மட்டும் இவற்றிலிருந்து உறுதியாகிறது. தொடங்குபவருக்கு இழுக்கும் பயிற்சியே கைக்குப் போதும். சில ஆண்டுகள் கடந்தவருக்கு கர்ல் தேவைப்படும் என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் முடிவு.

கூட்டுப்பயிற்சியின் பக்கத்து வாதமும் வலுவானது. பவோலி குழு 2017இல் 36 ஆண்களை வைத்து, மொத்த வேலையளவைச் சமமாக்கி இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. எட்டுக் கிழமைகளில் உடலின் கொழுப்பற்ற நிறை இரு குழுவிலும் ஒரே மாதிரிக் கூடியது. ஆனால் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கூட்டுப்பயிற்சிக் குழுவில் 12.5 சதவீதமும், தனிப்பயிற்சிக் குழுவில் 5.1 சதவீதமும் உயர்ந்தது. பலமும் கூட்டுக் குழுவிலேயே அதிகம் ஏறியது. நேரக் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஒரு செட் ஸ்குவாட் கொடுப்பதைத் தனித்தனியாகப் பெற நான்கைந்து பயிற்சிகள் தேவை.

இரும்புச் சப்பாத்து

தனிப்பயிற்சியை மேடை ஆணழகர்களின் அலங்கார வேலை என்று ஒதுக்குவோர் அதன் அறிவியல் பிறந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். அது போர்க்கால வைத்தியசாலை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிக்காகோவின் கார்டினர் இராணுவ வைத்தியசாலை முழங்கால் காயப்பட்ட வீரர்களால் நிறைந்திருந்தது. அன்றைய வழக்கப்படி அவர்களுக்கு இலேசான, நீண்டநேரப் பயிற்சிகளே கொடுக்கப்பட்டன. தோமஸ் டிலோர்ம் என்ற இளம் இராணுவ வைத்தியர், பாரம் மாட்டக்கூடிய இரும்புச் சப்பாத்தைப் பாதத்தில் கட்டி, முழங்காலை மட்டும் நீட்டவைத்தார். பத்துத் தடவை மட்டும் தூக்கக்கூடிய அளவுக்குக் கனம், ஏறஏறப் பாரத்தைக் கூட்டுதல் என்பவையே அவருடைய விதிகள். 1945இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். 1948இல் வொட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்று செட்டாகச் சுருக்கினார். இன்று உலகம் முழுவதும் ஜிம்களில் பத்துத் தடவை, மூன்று செட் என்று எழுதப்படும் அட்டவணையின் பூர்வீகம் அந்தக் கட்டில்தான்.

அந்த வீரர்களுக்கு ஏன் ஸ்குவாட் கொடுக்கப்படவில்லை? காயப்பட்ட காலுள்ளவர் குந்தி எழும்போது நல்ல கால் சுமையைத் தன் பக்கம் வாங்கிக்கொள்கிறது. காயப்பட்ட காலிலும் முழங்காலின் வேலையை இடுப்பு ஏற்றுக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்குவாட் நடக்கிறது. மெலிந்த தசை மட்டும் மெலிந்தபடியே இருக்கிறது. கூட்டுப்பயிற்சியில் பலமுள்ளது பலமற்றதை மறைத்துவிடும்.

2009 வரை போர் நடந்த வன்னியில் இது புத்தகத்துச் செய்தி அல்ல. மிதிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்தவர்கள், எலும்பு முறிந்து பொருந்தியவர்கள், உடலில் சன்னத்தோடு வாழ்பவர்கள் மல்லாவி, துணுக்காய், மாந்தை கிழக்கு எங்கும் இருக்கிறார்கள். வயல் வேலைக்கும் திரும்பியிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே கால் இழந்து செயற்கைக்கால் பொருத்தியவருக்கு எஞ்சிய முழங்காலை நீட்டும் தசை முதன்மையானது. அது மெலிந்தால் படி இறங்கும்போதும் வரம்பில் நடக்கும்போதும் முழங்கால் மடங்கிவிடும். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு இடுப்பை நீட்டும் பிட்டத்தசையும், தொடையைப் பக்கவாட்டில் விரிக்கும் நடுப்பிட்டத்தசையும் பிரதானம். நடுப்பிட்டத்தசை தளர்ந்தால் ஒவ்வோர் அடியிலும் இடுப்பு மறுபுறம் சரியும், அதை ஈடுகட்ட உடல் சாயும், பாரம் முதுகில் விழும். குப்புறப் படுத்து எஞ்சிய தொடையைப் பின்னால் உயர்த்துவது, ஒருக்களித்துப் படுத்துப் பக்கவாட்டில் உயர்த்துவது ஆகிய இரண்டும் எளிய தனிப்பயிற்சிகள். பாய் ஒன்று போதும். சைக்கிள் ரியூப்பை வெட்டித் தொடையைச் சுற்றிக் கட்டினால் எதிர்விசையும் கிடைத்துவிடும். இவர்களுக்கு வரிசை மாறுகிறது: முதலில் தனிப்பயிற்சி, பிறகே கூட்டு. எதை எவ்வளவு என்பதை இயன்மருத்துவர் பார்த்துச் சொல்வதே சரி.

தட்டில் இருப்பது

கட்டுவதற்குப் புரதம் வேண்டும். 49 ஆய்வுகளையும் 1,863 பேரையும் உள்ளடக்கி 2018இல் வெளியான மோர்ட்டன் குழுவின் பகுப்பாய்வு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவுக்கு மேல் புரதம் கூடினாலும் வளர்ச்சி மேலும் கூடுவதில்லை என்று சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம். சமைத்த சோறு 100 கிராமில் புரதம் மூன்று கிராமைக்கூடத் தொடாது. சோற்றையும் ஒரு கரண்டி பருப்பையும் மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது. 100 கிராம் மீன் சதையில் சுமார் 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைக்காத பருப்பும் பயறும் 100 கிராமுக்கு 24 கிராம் அளவு, கச்சானில் 25 கிராம் அளவு இருக்கின்றன. குளத்து மீனும் எருமைத் தயிரும் பயறும் கிடைக்கும் ஊரில் புரதத்துக்காக மாப்பேணி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் மட்டுமன்றி வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பகுதிகளிலும் காணப்படுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவருக்கு அதிகப் புரதம் ஆகாது. கிரியேட்டின் மா எடுப்பவருக்கும் கடும் பயிற்சி செய்பவருக்கும் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு நோயில்லாமலே சற்று உயர்ந்து காட்டும். இரண்டையும் வைத்தியர் பிரித்தறிய வேண்டுமானால் பயிற்சி செய்வதையும் மா எடுப்பதையும் அவரிடம் மறைக்கக்கூடாது. வெயில் ஏறுமுன் பயிற்சியை முடிப்பதும், போதிய தண்ணீர் குடிப்பதும் இந்த வறண்ட வலயத்தில் கட்டாயம்.

கணக்குப் போடும் விதம்

எத்தனை வீதம் கூட்டு, எத்தனை வீதம் தனி என்று எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. 80க்கு 20 என்று ஜிம்களில் சொல்லப்படுவது வசதிக்காகச் சொல்வது, ஆய்வில் பிறந்ததல்ல. அதைவிடத் தசைக்குத் தசை கணக்கெழுதுவது பயனுள்ளது. ஒரு கிழமையில் செய்த ஒவ்வொரு கடின செட்டையும், முதன்மையாக உழைத்த தசைக்கு ஒன்றாகவும் துணைக்கு உழைத்ததற்கு அரையாகவும் எழுதலாம். ஆறு செட் தண்டால் மார்புக்கு ஆறு, முத்தலைத் தசைக்கு மூன்று. எட்டு செட் புல்-அப் முதுகுக்கு எட்டு, கைக்கு நான்கு. பத்துக்கு எட்டாமல் நிற்கும் தசை எதுவோ அதற்குத் தனிப்பயிற்சி. இது தோராயமான கணக்குத்தான், ஆனால் பழக்கத்தின்படி கைக்கு மட்டும் கர்ல் செய்துகொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

தொடங்கும் முதல் ஆண்டில் இந்தக் கணக்கு பெரிதாகத் தேவைப்படாது. குந்துவது, குனிந்து எடுப்பது, தள்ளுவது, இழுப்பது என நான்கு அசைவுகளைக் கிழமைக்கு இரண்டு மூன்று நாட்கள் செய்து, பாரத்தையோ தடவைகளையோ கூட்டிக்கொண்டே போனால் உடல் முழுவதும் வளரும். அவற்றோடு லெக் கர்ல், காஃப் ரைஸ், லாட்டரல் ரைஸ் என மூன்றைச் சேர்த்தால் பெரிய ஓட்டைகள் அடைபட்டுவிடும். லெக் கர்ல் மெசின் இல்லாவிட்டால் கதிரையில் இருந்து, முன்னால் உள்ள தூணில் கட்டிய ரியூப்பைக் குதிகாலில் மாட்டிப் பின்னால் இழுக்கலாம். மண் நிரப்பிய பை டம்பெலுக்கு மாற்றாகும். பாரம் குறைவாக இருந்தால் தடவைகளைக் கூட்டி எல்லைக்கு அருகே வரை செல்ல வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நாளின் வரிசையில் கூட்டுப்பயிற்சி முன்னால் வருவது வழக்கம். கர்ல் செய்து களைத்த கையோடு புல்-அப்புக்குப் போனால் முதுகு உழைக்குமுன் கை கைவிட்டுவிடும். எந்தத் தசை பின்தங்கியிருக்கிறதோ அதன் பயிற்சியை நாளின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது இதற்கு விலக்கு. முதலில் செய்யப்படுவதே நன்றாகச் செய்யப்படும்.

வயலில் உழைப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நகரத்து ஜிம் அட்டவணைகள் அதை அறியா. அறுவடைக் காலத்தில் நாள் முழுவதும் மூட்டை ஏற்றியவரின் முதுகும் இடுப்பும் பிடியும் அன்றைய பங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டன. மாலையில் அவற்றின் மேல் டெட்லிஃப்ட்டை ஏற்றுவது வளர்ச்சியைக் கூட்டாது, முதுகு பிடித்துக்கொள்ளவே வழிசெய்யும். வயல் வேலையில் தள்ளும் அசைவு குறைவு, முழங்காலை எதிர்விசையோடு மடக்கும் அசைவு இல்லவே இல்லை. அந்த மாதங்களில் தண்டாலும், லெக் கர்லும், தோளுக்கும் கைக்கும் தனிப்பயிற்சியும் போதும். வேலை ஓய்ந்த பிறகு கனமான ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்ட்டுக்கும் திரும்பலாம். மேசையில் இருந்து வேலை செய்பவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் இது நேர்மாறு. அவர்களுடைய இடுப்பும் முதுகும் நாள் முழுக்கச் சும்மா இருந்தவை.

மெலிந்த தசையை அடையாளம் காணத் தையல்காரரின் அளவு நாடா போதும். இரண்டு தொடைகளும், இரண்டு மேற்கைகளும், கெண்டைக்கால்களும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், காலையில், பயிற்சிக்கு முன் அளக்கப்பட வேண்டும். அளவு ஏறாத இடத்தில் செட்டுகளைக் கூட்டலாம். தசை எரிவது வழக்கம், மூட்டுக்குள் குத்துவது வழக்கமல்ல. குத்தினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, அதே தசைக்கு வேறு கோணத்தில் வேறொன்றைத் தேட வேண்டும்.

நாளுக்கு அரை மணித்தியாலமே கிடைக்கிறது என்றால் தனிப்பயிற்சிகளை விட்டுவிட்டுக் கூட்டுப்பயிற்சிகளை மட்டும் செய்யலாம். இழப்பு சிறிதாகவே இருக்கும். பழைய காயத்தால் ஒரு கால் அல்லது கை மெலிந்திருப்பவர் மட்டும் இதற்கு மறுதலையாக, அந்த அரை மணித்தியாலத்தையும் முதலில் அந்தத் தசைக்கே கொடுக்க வேண்டும்.